வலி இடுப்பில், கேள்வி தூக்கத்தைப் பற்றியா?

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறேன். நாலு வருடமாக இடுப்பு வலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு எல்4-எல்5 ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், ஆனால் குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, பெல்ட் போட வேண்டும் என்றார்கள். இரண்டு இடங்களில் கரண்ட் வைத்தார்கள், இடுப்பை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன் போட்டார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி. போன வாரம் புதிதாக ஒரு பிசியோதெரபி சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் மெஷின் பக்கமே போகவில்லை. தூக்கம் எப்படி, எதை நினைத்தால் பயம், கடன் இருக்கிறதா, வீட்டில் யார் உதவி என்று முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நாற்காலி மேல் இருந்த டிபன் பாக்ஸைக் குனிந்து எடுக்கச் சொன்னார். வீட்டில் வந்து சொன்னதும் என் கணவர், "அப்போ வலி மனசுலதானா?" என்றார். மாமியார், "நான் அப்பவே சொன்னேன்" என்றார். எனக்கு வலிப்பது நிஜம். அந்தப் பெண் என்னை நம்பவில்லையா? இப்படி ஒரு வைத்தியம் உண்மையிலேயே இருக்கிறதா? இதற்குப் போனவர்கள் என்ன சொல்கிறார்கள்? நான் மறுபடி போகலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியில் இருந்து ஆரம்பிக்கிறேன். மறுபடி போங்கள். போனதும், மற்ற எதுவும் தொடங்குவதற்கு முன்னால், அந்தப் பெண்ணிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: "நீங்க கேட்டதையெல்லாம் பார்த்தா, என் வலி பொய்னு நினைக்கிறீங்களோன்னு எனக்குப் பட்டுச்சு. அப்படியா?" இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஒழுங்காகப் பயிற்சி பெற்றவர் முகம் சுளிக்க மாட்டார். எதற்காக அதையெல்லாம் கேட்டார் என்று விளக்குவார். சொல்லப்போனால் முதல் நாளே அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டவர் ஐந்து நிமிடம் காரணம் சொல்லியிருந்தால், உங்கள் வீட்டில் இத்தனை பேச்சு வந்திருக்காது.

"எனக்கு வலிப்பது நிஜம்" என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். நாலு வருடமாக எத்தனை பேரிடம் அதைச் சொல்லி அலுத்திருப்பீர்கள் என்று புரிகிறது. நீங்கள் மட்டும் இல்லை. தசை, எலும்பு, மூட்டு சார்ந்த நாள்பட்ட வலியோடு வாழ்கிறவர்களிடம் பேசி எழுதப்பட்ட 77 ஆய்வுக் கட்டுரைகளை பிரிட்டனில் பிரான்சின் டாய் என்பவரின் குழு ஒன்றாக வைத்துப் படித்து, 2013-ல் முடிவுகளை வெளியிட்டது. அவற்றில் திரும்பத் திரும்ப வந்த விஷயம் இதுதான்: வலியோடு போராடுவது ஒரு பாடு, வலி இருக்கிறது என்று டாக்டரிடமும் வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் நிரூபிப்பது இன்னொரு பாடு. ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் பயம். ஒன்றும் தெரியவில்லை என்றால் அதைவிடப் பயம், ஏனென்றால் அப்புறம் யாரும் நம்ப மாட்டார்கள். இப்படி அடிபட்டு வந்தவரிடம் எடுத்த எடுப்பில் "தூக்கம் வருதா, கவலை இருக்கா" என்று கேட்டால், அவர் காதில் விழுவது கேள்வி இல்லை, குற்றச்சாட்டு.

ஆகவே உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்தக் கேள்விகளும் நியாயமானவைதான். உடம்போடு தூக்கம், பயம், வாழும் சூழல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற பிசியோதெரபி முறை அது.

முதலில் ஸ்கேனைப் பற்றிப் பேசிவிடலாம், எல்லாப் பயமும் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறது. "ஜவ்வு விலகிடுச்சு" என்று கேட்டதும், முதுகெலும்பில் ஏதோ ஒன்று இடம் மாறி நிற்கிறது, தப்பாக அசைந்தால் முழுதாக நழுவிவிடும் என்ற படம் மனதில் விழுந்துவிடுகிறது. ஜவ்வு அப்படி நழுவி விழுகிற பொருள் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும் திசு அது. முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை, 3,110 பேருடைய படங்களை, 2015-ல் ஒரு குழு தொகுத்தது. 40 வயதில் வலியே இல்லாதவர்களில் நூற்றுக்கு 68 பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது, 50 பேருக்குப் பிதுக்கம் இருந்தது. 50 வயதில் அது 80, 60 ஆகிறது. உங்களோடு அதே வரிசையில் உட்கார்ந்து மெஷின் ஓட்டுகிற, வலி என்று ஒரு நாளும் சொல்லாத பெண்களை ஸ்கேன் எடுத்தால் பாதிப் பேருக்கு உங்கள் ரிப்போர்ட்டில் உள்ளது மாதிரி ஒரு வரி இருக்கலாம். உங்கள் ஸ்கேன் பொய் என்று நான் சொல்லவில்லை. முதலில் வந்த வலியில் அந்த ஜவ்வுக்குப் பங்கு இருந்திருக்கலாம். நாலு வருடமாக நிற்காத வலிக்கு அது ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட முடியாது, அவ்வளவுதான்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அந்த எல்லைக்குப் பிறகு வலியின் நடத்தை மாறிவிடலாம். திருடன் வந்துபோன வீட்டு நாயைப் பார்த்திருப்பீர்கள். அதற்கப்புறம் அது பால்காரரைப் பார்த்தும் குரைக்கும், பக்கத்து வீட்டுக் கதவு சாத்தினாலும் குரைக்கும். குரைப்பு நிஜம், காதைப் பிளக்கிறது. ஆனால் திருடன் இப்போது வாசலில் இல்லை. நரம்பு மண்டலமும் இப்படி உஷாராகவே நின்றுவிடுவது உண்டு. காலை இழந்தவர்கள் யாரையாவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள், இல்லாத காலில் வலிக்கிறது என்று பலர் சொல்வார்கள். கை போனவர்களுக்கு அப்படி வரும் வலிக்கு, ஒரு கண்ணாடியை மட்டும் வைத்து சிகிச்சை செய்து காட்டியவர் விளையனூர் ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், 1990-களில் அமெரிக்காவில் அதைச் செய்தார். அவர்களில் யாரும் நடிக்கவில்லை. கையே இல்லாத இடத்தில் நிஜமான வலி வர முடியும் என்றால், காயம் ஆறிய இடுப்பில் வருவதற்கு என்ன தடை?

இந்த உஷார் நிலையைக் கூட்டவும் குறைக்கவும் பல விஷயங்களால் முடியும். அவற்றைத் தேடித்தான் அந்தப் பெண் கேள்வி கேட்டார்.

தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டால் அடுத்த நாள் வலி கூடுகிறது. இது நீங்களே கவனித்திருப்பீர்கள். ஆர்டர் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, படுத்து, விடிவதற்குள் தண்ணீர் பிடிக்க எழுந்திருக்கிறவருக்கு இடுப்புக்கு மட்டும் பயிற்சி கொடுத்து அனுப்பினால் என்ன பலன்? கடனைப் பற்றிக் கேட்டதும் அப்படித்தான். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர் ஒரு நாள் லீவு போட்டால் அந்த நாள் கூலி போகும். அதனால் வலித்தாலும் நிறுத்தாமல் ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவார், திங்கட்கிழமை மறுபடி ஓட்டம். இந்தச் சுழற்சி தெரியாமல் "தினம் அரை மணி நேரம் எக்சர்சைஸ் செய்யுங்கள்" என்று காகிதத்தில் எழுதிக் கொடுப்பவர்களைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

எதை நினைத்தால் பயம் என்ற கேள்வி இருக்கிறதே, அதுதான் இந்த முறையின் அச்சாணி. "குனியாதே" என்று ஒருவர் சொல்லிவிட்டார். நீங்களும் நாலு வருடமாகக் குனியவில்லை. குனிய வேண்டி வந்தால் என்ன செய்கிறீர்கள்? மூச்சை அடக்கிக்கொள்வீர்கள். வயிற்றை இறுக்குவீர்கள். ஒரு கையைத் தொடையில் ஊன்றி, முதுகை வளைக்காமல் முட்டியை மட்டும் மடக்கி இறங்குவீர்கள். இத்தனை தசைகள் ஒரே நேரத்தில் இறுகி நின்றால், ஜவ்வு நல்ல நிலையில் இருந்தாலும் இடுப்பு வலிக்கும். வலித்ததும் "பார்த்தியா, குனிந்ததால்தான்" என்று பயம் இன்னும் கெட்டிப்படும். அடுத்த முறை இன்னும் இறுக்குவீர்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோஹான் விலாயன், ஸ்வீடனின் ஸ்டீவன் லிண்டன் இருவரும் இந்தச் சுழலை 2000-ல் விரிவாக எழுதினார்கள். அதன்பின் இந்தத் துறையில் நடந்த பெரும்பாலான வேலை அதைச் சுற்றித்தான்.

இப்போது அந்த டிபன் பாக்ஸுக்கு வருவோம். தரையில் வைக்காமல் நாற்காலி மேல் ஏன் வைத்தார்? பாதி தூரம் குனிந்தால் போதும் என்பதற்காக. நீங்கள் எடுக்கும்போது அவர் பார்த்தது டிபன் பாக்ஸை இல்லை, உங்கள் மூச்சை, தோளை, முகத்தை. பிசியோதெரபிஸ்டாக நான் செய்வதும் ஏறக்குறைய இதேதான். முதல் தடவை அவர்கள் இஷ்டப்படி எடுக்கச் சொல்வேன். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்பேன். அப்புறம், "குனியும்போது மூச்சை வெளியே விடுங்க, வயித்தைத் தளர்த்துங்க, முதுகு வளைஞ்சா வளையட்டும்" என்று சொல்லி மறுபடி எடுக்கச் சொல்வேன். எல்லாருக்கும் இல்லை, பல பேருக்கு இரண்டாவது தடவை வலி குறைகிறது. அந்த நிமிடம் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். சந்தோஷப்படுவார்கள் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் குழப்பம்தான் தெரியும், சில பேருக்குக் கோபம்கூட வரும்: "அப்போ இத்தனை வருஷம் குனியாம இருந்தது?"

அந்தக் கோபத்துக்கு ஆதாரம் இருக்கிறது. நியூசிலாந்தில் பென் டார்லோ குழுவினர் முதுகு வலி உள்ள 23 பேரிடம் விரிவாகப் பேசி 2013-ல் எழுதினார்கள். டாக்டரோ பிசியோவோ போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியம் நோயாளியின் மனதில் வருடக்கணக்கில் நிற்கிறது என்று அதில் தெரிந்தது. முதுகைப் பாதுகாத்துக்கொள் என்று சொல்லப்பட்டவர்கள் எப்போதும் எச்சரிக்கையாகவே இருந்தார்கள், கவலைப்பட்டார்கள், மறந்துபோய்க் குனிந்துவிட்டால் குற்ற உணர்ச்சி வேறு. தைரியம் சொல்லப்பட்டவர்களுக்கு அந்தத் தைரியமும் அதே போல் நீண்ட நாள் நின்றது.

இப்படி ஒரு வைத்தியம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். நேற்று முளைத்தது இல்லை. நோயை உடல், மனம், வாழும் சூழல் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் எங்கல் எழுதியது 1977-ல். அதை முதுகு வலிக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தின் கார்டன் வாடெல், 1987-ல். அவர் மனநல டாக்டர் இல்லை, முதுகில் கத்தி வைக்கும் எலும்பு அறுவை நிபுணர். அதனால்தான் அவர் சொன்னது எடுபட்டது என்று நினைக்கிறேன். பிசியோதெரபிஸ்டுகள் இதைத் தங்கள் வேலையின் பகுதியாகவே செய்ய வேண்டும் என்று கிறிஸ் மெய்னும் ஸ்டீவன் ஜார்ஜும் 2011-ல் முறைப்படுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்காக 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் உடற்பயிற்சி, விளக்கிச் சொல்வது, உளவியல் முறைகள் எல்லாம் இடம் பெற்றிருக்கின்றன. டிராக்‌ஷனையும் இடுப்பு பெல்ட்டையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நம் ஊரில் மெதுவாகத்தான் வருகிறது. படிக்கும்போது உளவியல் ஒரு பாடமாக வரும், பரீட்சையோடு போய்விடும். அப்புறம் சென்டர் வைத்தால் வாடகை கட்ட வேண்டும், பேசுவதற்குக் காசு வாங்கினால் ஆட்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், மெஷின் வைத்தால் கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள்.

சரி, இதற்குப் போனவர்கள் என்ன சொல்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும் இந்த வகை சிகிச்சை எடுத்த 14 பேரிடம் சமந்தா பன்ஸ்லி என்ற ஆய்வாளரின் குழு பேசியது. 2016-ல் கட்டுரை வந்தது. அதில் நன்றாகத் தேறியவர்களும் உண்டு, கொஞ்சம் தேறியவர்களும் உண்டு, மாற்றமே இல்லாதவர்களும் உண்டு. மூன்று தரப்பையும் கேட்டதால்தான் அந்தக் கட்டுரை எனக்குப் பிடிக்கும். தேறியவர்களுக்கு இரண்டு விஷயம் நடந்திருந்தது. ஒன்று, வலிக்கு என்ன காரணம் என்பதைப் பற்றிய எண்ணம் மாறியது. இரண்டு, அந்த வலியைத் தாங்களே கையாள முடியும் என்ற நிலைக்கு வந்திருந்தார்கள், அடுத்த சிட்டிங் எப்போது என்று காத்திருக்க வேண்டியதில்லை. எண்ணம் மாறியது பேச்சைக் கேட்டு மட்டும் இல்லை. தன் உடம்பை வேறு விதமாக அசைத்து, வலி கூடவில்லை என்று தானே கண்டுகொண்டபோதுதான் அது கெட்டிப்பட்டது. அதற்கு முன்னால், சிகிச்சை தருகிறவர் தன்னை நம்புகிறார் என்ற நம்பிக்கை வர வேண்டியிருந்தது. மாற்றம் இல்லாதவர்களோ முதுகுக்குள் ஏதோ கெட்டிருக்கிறது, அதை யாராவது சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணத்திலேயே கடைசிவரை இருந்தார்கள்.

இதை அவர்களுடைய தப்பு என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. பத்து வருடமாகப் பத்து பேர் ஜவ்வு, ஜவ்வு என்று சொல்லியிருக்க, பதினோராவது ஆள் வந்து வேறு மாதிரி சொன்னால் ஏன் நம்ப வேண்டும்?

என்னிடம் வருகிறவர்கள் சொல்வதும் இதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. முதல் நாள் பாதிப் பேருக்கு ஏமாற்றம். "கரண்ட் வைக்கலையா?" என்று கேட்டுவிட்டு, காசு கொடுக்கும்போது தயங்குவார்கள். இரண்டாவது மூன்றாவது வாரத்தில், "என் பேச்சை யாரும் இவ்வளவு நேரம் கேட்டதில்லை" என்பார்கள். சில பெண்கள் அழுதுவிடுவார்கள், அப்புறம் அழுததற்கு மன்னிப்புக் கேட்பார்கள். அதன்பின் ஒரு கெட்ட வாரம் வரும். கல்யாண வீட்டில் நின்று வேலை பார்த்திருப்பார்கள், அல்லது காரணமே இருக்காது, வலி திடீரென்று பழைய உயரத்துக்குப் போய்விடும். அங்கேதான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். தாண்டி வந்தவர்களிடம் வலி எப்படி என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் சொல்வார்கள். ஆனால் கூடவே, பேரனைத் தூக்கினேன், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், பெல்ட் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்பார்கள். வலி முழுதாகப் போய்விடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். சில பேருக்குப் போகிறது. பல பேருக்குக் குறைகிறது, வாழ்க்கையின் நடுவில் இருந்து ஓரத்துக்கு நகர்கிறது.

எண்ணிக்கையும் கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் 492 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் இடுப்பு வலி உள்ளவர்கள், அன்றாட வேலையே தடைப்பட்டவர்கள். 12 வாரத்தில் அதிகபட்சம் ஏழு சிட்டிங், ஆறு மாதத்தில் இன்னொன்று. வழக்கமான சிகிச்சைக்குப் போனவர்களைவிட இவர்களுடைய அன்றாட நடமாட்டம் நன்றாகத் தேறியது, ஒரு வருடம் கழித்தும் அது நின்றது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் இருந்தது. அதில் ஒரு பிரிவினருக்கு உடம்பில் சென்சார் பொருத்தி அசைவைக் காட்டிக்காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் கூடுதல் பலன் ஏதும் கிடைக்கவில்லை. மெஷின் வைக்கவில்லையே என்ற உங்கள் வருத்தத்துக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஆனால் எல்லா ஆய்வும் இப்படி இனிப்பாக இல்லை. லண்டனில் 248 பேரை வைத்து நடந்து 2020-ல் வந்த ஆய்வில் இரண்டே சிட்டிங், ஒரு போன் அழைப்பு, அவ்வளவுதான் சிகிச்சை. மூன்றாவது மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது, பன்னிரண்டாவது மாதத்தில் தெரியவில்லை. இரண்டு ஆய்விலும் முறை கொஞ்சம் வேறு. இருந்தாலும் இரண்டு நாள் போய்விட்டு நிறுத்திக்கொள்ளும் யோசனை உங்களுக்கு இருந்தால் அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல இது எனக்குப் போதும்.

இந்த முறையின் பெயரில் நடக்கும் மோசமான வேலையையும் சொல்ல வேண்டும். "டென்ஷன் ஆகாதீங்க, எல்லாம் மனசுதான், யோகா பண்ணுங்க" என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்புவது இந்தச் சிகிச்சை கிடையாது. அதற்குப் பேசாமல் கரண்டே வைக்கலாம், இரண்டு நாளாவது நிம்மதி. 2015-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மனமும் சூழலும் சம்பந்தப்பட்ட விஷயங்களில் பிசியோதெரபிஸ்டுகள் பலர் தங்களைத் தயாராக உணரவில்லை என்றும், சிலர் அப்படிப்பட்ட நோயாளிகளைத் தாழ்வாகவே பார்த்தார்கள் என்றும் சொன்னது. எங்கள் துறையைப் பற்றி எங்களுக்கே பிடிக்காத உண்மை. ஆகவே அந்தப் பெண் எந்த வகை என்று நீங்கள் பார்க்க வேண்டும். உங்கள் இடுப்பையும் காலையும் தொட்டுச் சோதித்தாரா? கால் பலம், உணர்ச்சி பார்த்தாரா? நீங்கள் சொன்னதை அடுத்த தடவை நினைவில் வைத்திருக்கிறாரா? உங்கள் மெஷின், உங்கள் ஷிப்ட், உங்கள் தண்ணீர்க் குடம் இதையெல்லாம் வைத்துப் பயிற்சியை அமைக்கிறாரா, இல்லை எல்லாருக்கும் கொடுக்கிற காகிதமா? முதல் நாளே டிபன் பாக்ஸைத் தேர்ந்தெடுத்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை இருக்கிறது. ஓவர்லாக் ஓட்டுகிறவர் கையில் தினமும் இருக்கும் பொருள் அது.

வீட்டில் என்ன சொல்வது? மாமியாரிடம் நரம்பு மண்டலம் பற்றி விளக்கிப் பயனில்லை. கணவரை அடுத்த முறை கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பெண் சொல்வதை அவர் நேரில் கேட்கட்டும். "மனசுலதானா" என்று அவர் கேட்டதில் கேலி இருந்ததா, நிஜமான சந்தேகமா என்று உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை. சந்தேகமாக இருந்தால் தீர்க்கலாம். "வலி இடுப்புலதான். ஆனா தூங்காம, பயந்துகிட்டு, நிக்காம ஓடுனா அது அடங்க மாட்டேங்குது" என்று சொல்லிப் பாருங்கள். கூடவே, தண்ணீர் பிடிப்பதை வாரத்தில் பாதி நாள் அவர் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். அதுவும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

கம்பெனியில், ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டு எடுக்கும்போது எழுந்து நின்று எடுங்கள். சூப்பர்வைசர் கண்ணுக்கு அது வேலையாகத்தான் தெரியும். வலி பொறுக்க முடியாத அளவு வரும்வரை ஓட்டிவிட்டு நிறுத்தாதீர்கள், வருவதற்கு முன்னால் அசையுங்கள். வலி கூடிய நாளில் முழுதாகப் படுத்துவிட வேண்டாம். நடையைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், பயிற்சியைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், மறுநாள் கொஞ்சம் கூட்டுங்கள். ஜவ்வு இன்னும் விலகிவிட்டதோ என்று அன்றைக்குக் கட்டாயம் தோன்றும். கீழே நான் சொல்லப்போகும் அறிகுறிகள் இல்லாதவரை, அந்தப் பயத்துக்காக மறுபடி ஸ்கேனுக்குக் காசு கட்ட வேண்டாம். மெடிக்கலில் சொல்லி வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் போடுகிற பழக்கம் இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், வயிற்றுக்கும் கிட்னிக்கும் அது நல்லதில்லை. நரம்பு வலிக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் நீங்களாகவே திடீரென்று நிறுத்தக் கூடாது.

அந்த அறிகுறிகள் இவை: சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நிற்பது, உட்காரும் இடத்திலும் தொடை இடுக்கிலும் மரத்துப்போவது, கால் பலம் குறைந்து பாதம் தொங்குவது. இவற்றில் ஒன்று வந்தாலும் பிசியோவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு சேர்ந்த முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்தபின் வந்த புது வலி, இவற்றையும் டாக்டரிடம் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

இன்னொன்று. பிசியோதெரபிஸ்ட் மனதைப் பற்றிக் கேட்கலாம், ஆனால் மனநல டாக்டரின் வேலையை அவர் செய்ய முடியாது. வலியைத் தாண்டி எதிலும் பிடிப்பில்லாமல் போவது, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருவது, இப்படி ஏதாவது இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, காசு கிடையாது, தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

அடுத்த முறை போகும்போது ஒரு தாளில், வலி வந்தபின் நீங்கள் விட்டுவிட்ட வேலைகளை எழுதிக்கொண்டு போங்கள்: தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, கோலம் போடுவது, ஊருக்குப் பஸ்ஸில் போவது, எதுவானாலும் சரி. அதில் எதை முதலில் திரும்பப் பிடிக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள், எப்படி என்பதை அவர் சொல்லட்டும். எத்தனை சிட்டிங் ஆகும், மொத்தம் எவ்வளவு செலவு என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இஎஸ்ஐ அட்டை இருந்தால் அங்கே பிசியோதெரபி கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். ஆறேழு சிட்டிங் முடிந்தபின் அந்தத் தாளில் ஒரு வேலைகூடத் திரும்ப வரவில்லை என்றால், வேறு என்ன செய்யலாம் என்று அவரிடமே கேளுங்கள், உங்கள் டாக்டரையும் ஒரு முறை பாருங்கள். பெல்ட்டையும் பையில் எடுத்துப் போங்கள். எந்த நேரத்தில் போடலாம், எப்போதிருந்து கழற்றி வைக்கலாம் என்பதை அவர் உங்கள் நடையைப் பார்த்துவிட்டுச் சொல்வார்.